செல்வக் குடிகளும் கோயிற் கல்வெட்டுகளும்

(ஏரியூரில் குடமுழுக்குப் பெருவிழாவையொட்டி நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஏரியூர் என்னும் பெயரே ஓர் அறத்தை நினைவூட்டுகின்றது. ஏரி தனக்கென நீரைத் தேக்குவதன்று. மடை வழியே வயலுக்கு விடுவதற்காகவே தேக்குவது. ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தில் திருவள்ளுவர், உலகத்தோடு ஒத்து வாழும் பேரறிவாளனுடைய செல்வத்திற்கு நீர் நிறைந்த ஊருணியையே உவமையாகக் காட்டினார். ஊருணியில் எவ்வளவு நீர் இருந்தது என்று எவரும் எழுதி வைப்பதில்லை. அது எத்தனை குடங்களை நிரப்பிற்று என்பதே ஊராரின் நினைவில் நிற்கும். செல்வம் படைத்த குடிகளின் வரலாறும் அத்தகையதே. அவற்றின் வரலாற்றை ஆராயப் புகுவோர் எங்கே தொடங்க வேண்டும், எங்கே வந்து முடிவர் என்பதை இந்நன்னாளில் எண்ணிப் பார்ப்பது பொருத்தமுடையதாகும்.

தமிழகத்துச் சிற்றூர்கள் பலவற்றில் பெரிய வீடு என்று ஒன்று இருக்கும். உயர்ந்த திண்ணையும், தேக்கு மரத் தூண்களும், நடு முற்றமும், நெற்குதிர் நிறைந்த பின்கட்டும் உடையதாய் அது ஒரு காலத்தில் விளங்கியிருக்கும். இன்று அவ்வீட்டின் ஒரு பகுதியில் ஓடு சரிந்திருக்கும். சாவி எங்கோ நகரத்தில் வாழும் ஒரு பெயரனிடம் இருக்கும். அப்பெயரனுக்கு ஒருநாள் தன் குடியின் வரலாற்றை அறிய வேண்டும் என்னும் ஆவல் பிறக்கின்றது. கூடத்துச் சுவரில் மாட்டிய படத்தில் தலைப்பாகையோடு அமர்ந்திருப்பவர் பாட்டனாரின் தந்தை என்பது வரையில் வீட்டு முதியோர் கூறுவர். அதற்கு மேல் கேட்டால், யானை கட்டி வாழ்ந்த வீடு, மரக்காலால் பொன்னளந்த வீடு என்னும் புகழுரைகளே விடையாக வரும். அவை கேட்பதற்கு இனியவை. ஆனால் வரலாறு ஆகா.

ஆவல் மிக்கவர் அடுத்து அரசு ஏடுகளை நாடுவர். இப்பகுதியைப் பற்றிய ஏடுகள் குறைவானவை அல்ல. 1792-ஆம் ஆண்டில் சீரங்கப்பட்டணத்தில் நிகழ்ந்த உடன்படிக்கையின்படி, திப்பு சுல்தானின் ஆட்சியில் இருந்த பாராமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கும்பெனியாரிடம் வந்தன. கேப்டன் அலெக்சாண்டர் ரீடு என்பார் அவற்றின் நிர்வாகத் தலைவராக அமர்ந்தார். அவருக்குத் துணையாக வந்தவர்களுள் ஒருவர், பின்னாளில் சென்னை ஆளுநராக உயர்ந்த தாமஸ் மன்றோ. அவர் தருமபுரியில் தங்கிப் பணிபுரிந்தவர். வயல் வயலாக நிலத்தை அளந்து, மண்ணின் தரத்தையும் வரியையும் குறித்த பெரும்பணி அக்காலத்தில் இங்கே நடைபெற்றது. அக்கடிதங்களும் கணக்குகளும் பாராமகால் ஏடுகள் என்னும் பெயரால் பிற்காலத்தில் அச்சாயின.

1802-ஆம் ஆண்டில் நிலையான வரித்திட்டச் சட்டம் பிறந்தது. அதனைத் தொடர்ந்து சேலம், பாராமகால் பகுதிகளில் சில ஊர்களைச் சேர்த்து மிட்டா என்று வகுத்தனர். ஆண்டுதோறும் மாறாத ஒரு தொகையை அரசுக்குச் செலுத்தும் பொறுப்போடு அம்மிட்டாக்கள் விற்கப்பட்டன. அவற்றை வாங்கியோர் மிட்டாதார் எனப்பட்டனர். மழை பொய்த்த ஆண்டுகளிலும் தொகை மாறாது நின்றமையால், அவருள் பலர் நிலுவைக்கு ஆளாகி உரிமையை இழந்தனர். நிலைத்து நின்ற குடிகளுக்கும் 1948-ஆம் ஆண்டுச் சட்டம் முற்றுப்புள்ளி வைத்தது. அச்சட்டத்தால் சென்னை மாகாணத்தின் ஜமீன்களும் மிட்டாக்களும் ஒழிக்கப்பட்டு, நிலங்கள் இரயத்துவாரி முறைக்கு மாற்றப்பட்டன. இவையெல்லாம் ஏடுகளில் தெளிவாக உள்ளன. தருமபுரி தனி மாவட்டமாக அமைந்தது 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாளிலேயே ஆதலால், அதற்கு முற்பட்ட ஏடுகளைச் சேலம் மாவட்டத்தின் பெயரில் தேட வேண்டும் என்பதை ஆராய்பவர் நினைவில் வைத்தல் நன்று.

எனினும் இவ்வேடுகளுக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு குடி எவ்வளவு நிலம் வைத்திருந்தது, எவ்வளவு வரி செலுத்தியது, எந்த ஆண்டில் நிலுவை வைத்தது என்பவற்றை அவை கூறும். வழக்கு மன்ற ஏடுகளோ, உடன் பிறந்தோர் எதன் பொருட்டுப் பகைத்துப் பிரிந்தனர் என்பதைக் கூறும். வைத்திருந்ததும் இழந்ததும் தெரியும், கொடுத்தது தெரியாது. கொடுத்ததை அறிய வேண்டுமாயின், மாளிகையின் வாயிலை விட்டுக் கோயிலின் வாயிலுக்கு வர வேண்டும். 1858-ஆம் ஆண்டில் அமைந்த இனாம் ஆணையத்தின் பதிவேடுகள் அரசு ஏடுகளேயாயினும் பயன்படுவது இதனாலேதான். கோயிலுக்கும் சத்திரத்திற்கும் விடப்பட்ட நிலங்கள் யாரால், எதற்காக விடப்பட்டன என்று அவ்வாணையத்தார் ஊர்தோறும் வினவி எழுதினர்.

இனி, இம்மாவட்டத்தின் மிகப் பழைய பெருங்குடி ஒன்றின் வரலாறு எவ்வாறு கண்டறியப்பட்டது என்பதை நோக்கலாம். அக்குடி அதியர் குடி. அவர்களுடைய தலைநகர் தகடூர். அதுவே இன்றைய தருமபுரி. தருமபுரிக்கு அருகே அதியமான்கோட்டை என்று ஓர் ஊர் இன்றும் உள்ளது. அங்கே சென்று அதியமான் வாழ்ந்த அரண்மனை எது என்று வினவினால், சுட்டிக் காட்டுவதற்கு ஒரு மண்டபமும் இல்லை. பெயர் நிற்கின்றது, மாளிகை இல்லை. அவ்வாறாயின் அக்குடியின் வரலாறு எங்ஙனம் கிடைத்தது?

முதலிற் கிடைத்தது பாட்டு. 1894-ஆம் ஆண்டில் டாக்டர் உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சிட்டு வெளியிட்டார். அதனால் அதியமான் நெடுமான் அஞ்சியின் பெருமை தமிழுலகம் முழுதும் பரவிற்று. நெடுநாள் வாழ்விக்கும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாது, அதன் ஆற்றலையும் கூறாது, ஔவையாருக்கு ஈந்த செய்தி அந்நூலால் உறுதி பெற்றது. அவன் முன்னோர் கரும்பை இந்நாட்டிற்குக் கொணர்ந்தனர் என்பதையும் ஔவையார் பாடியுள்ளார். சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை வென்றான் என்பது பதிற்றுப்பத்தால் தெரிகின்றது. அப்போரைப் பாடிய தகடூர் யாத்திரை என்னும் நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை. சில பாடல்களே எஞ்சியுள்ளன.

பாட்டு மட்டும் போதுமா என்னும் ஐயம் ஆராய்ச்சியாளருக்கு எழுந்தது. வடக்கே அசோக மன்னர் தம்முடைய இரண்டாம் பாறைக் கல்வெட்டில், மக்களுக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ உதவி செய்யப்பட்ட நாடுகளைக் குறிக்கும்போது, சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் என்பாரோடு சத்தியபுத்திரர் என்பாரையும் கூறினார். அச்சத்தியபுத்திரர் யாவர் என்பது பற்றி அறிஞரிடையே நெடுங்காலம் கருத்து வேறுபாடு இருந்தது. பல நாடுகளின் பெயர்கள் அதற்கு விடையாகக் கூறப்பட்டன. 1981-ஆம் ஆண்டில், திருக்கோவலூரை அடுத்த ஜம்பை என்னும் ஊரில், இயற்கையாய் அமைந்த ஒரு குகைத்தளத்தில், பழந்தமிழ் எழுத்தில் அமைந்த ஒற்றை வரி ஒன்று வெளிப்பட்டது. சத்தியபுத்திரனாகிய அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த உறைவிடம் இது என்பதே அவ்வரியின் பொருள். துறவிகள் தங்குவதற்காக ஒரு குகையைக் கொடுத்த சிறிய அறம் அது. அந்த ஒற்றை வரியினால் அசோகர் கூறிய பெயரும் ஔவையார் பாடிய பெயரும் ஒன்றாயின. அதியமான் பெற்ற வெற்றிகளால் இது விளங்கவில்லை. அவன் கொடுத்த ஒரு குகையால் விளங்கிற்று.

சங்க காலத்திற்குப் பின்னர் அக்குடி என்னவாயிற்று? ஏறத்தாழ ஐந்நூறு, அறுநூறு ஆண்டுகள் கழித்து மீண்டும் அதன் பெயர் கேட்கின்றது. எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட பாண்டியன் நெடுஞ்சடையனின் சீவரமங்கலச் செப்பேடு, காவிரியின் வடகரையில் அவன் அதியனைப் புறங்கண்டதாகக் கூறுகின்றது. அதியனுக்குத் துணையாகப் பல்லவனும் சேரனும் வந்தனர் என்றும் அது கூறும். இது பகைவன் எழுதிய வரலாறு. ஆயினும் அதியர் அக்காலத்தில் வலிமையோடு வாழ்ந்தனர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. துணைக்கு இரு வேந்தர் வரத்தக்க குடி எளிய குடியாயிராது. அவர்கள் தம் கையால் எழுதியது நாமக்கல்லில் உள்ளது. அங்கே மலையைக் குடைந்து திருமாலுக்கு எடுத்த கோயிலுக்கு அதியேந்திர விஷ்ணுக்கிருகம் என்று பெயர். அதனை எடுத்தவன் அதிய குலத்தில் வந்த குணசீலன் என்று அங்குள்ள எழுத்துகள் கூறுகின்றன. பள்ளிகொண்ட பெருமானின் திருவடிக்கீழ் இன்று வணங்கி நிற்போருள் எத்தனை பேர், அது தகடூர்க் குடியின் கொடை என்பதை அறிவர்?

இவற்றுள் மிகவும் உருக்கமான சான்று போளூரை அடுத்த திருமலையில் உள்ளது. அது சமணர் போற்றும் மலை. அங்குள்ள கல்வெட்டை ஹுல்ட்ஷ் என்னும் அறிஞர் படித்து, 1890-ஆம் ஆண்டில் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் பதிப்பித்தார். மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்தில் வாழ்ந்த தகடூர்த் தலைவன் விடுகாதழகிய பெருமாள் என்பான், அம்மலையில் சிதைந்து கிடந்த இயக்கன், இயக்கி திருவுருவங்களைப் புதுப்பித்து நிறுவினான், ஒரு மணியும் அளித்தான், கால்வாயும் வெட்டினான். அத்திருவுருவங்களை முதன்முதல் எழுந்தருளுவித்தவன் சேரர் வழியில் வந்த எழினி என்று அக்கல்வெட்டே கூறுகின்றது. எழினி என்பது அதியர் குடியில் வழங்கிய பழம்பெயர். விடுகாதழகிய பெருமாள் தன் கொடையை மட்டும் எழுதிவிட்டு அமைந்திருக்கலாம். அவன் அவ்வாறு செய்யவில்லை. முன்னவன் ஒருவன் இவ்வறத்தைத் தொடங்கினான், அது சிதைந்தது, பின்னவன் எடுத்து நிறுத்தினான் என்று இருவர் பெயரையும் ஒரே கல்லில் பொறித்தான். அவன் அதனை எழுதாது விட்டிருந்தால், அம்மலையில் அறம் செய்த எழினியின் பெயர் என்றென்றைக்கும் மறைந்திருக்கும்.

இதனால் விளங்குவது யாது? அதியர் குடியின் பொன் இல்லை, குதிரைகள் இல்லை, கோட்டை இல்லை. பாணருக்கும் புலவருக்கும் கொடுத்தது பாட்டில் நிற்கின்றது. துறவிக்குக் கொடுத்தது குகையில் நிற்கின்றது. இறைவனுக்குக் கொடுத்தது மலையில் நிற்கின்றது. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு குடியின் வரலாறு, பெரும்பாலும் அது பிறருக்கு ஈந்தவற்றைக் கொண்டே எழுதப்பட்டிருக்கின்றது.

அரச குடிக்கு மட்டும் உரிய பெருமை அன்று இது. வணிகக் குடிக்கும் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் தகடூர் நுளம்பர் ஆட்சியில் இருந்தது. சக ஆண்டு 815, அதாவது கி.பி. 893-இல் மகேந்திர நுளம்பன் காலத்தில் பொறிக்கப்பட்ட கன்னடக் கல்வெட்டு ஒன்று தருமபுரியில் கிடைத்தது. நிதியண்ணன், சண்டியண்ணன் என்னும் வணிகர் மரபினரான உடன்பிறந்தார் இருவர் தகடூரில் ஒரு சமணப் பள்ளியை எடுப்பித்தனர் என்றும், மூலப்பள்ளி என்னும் ஊர் அதற்குக் கொடையாக வந்தது என்றும் அது கூறுகின்றது. அவ்விருவரும் என்ன விற்றனர், எவ்வளவு ஈட்டினர், அவர்தம் வீடு எந்தத் தெருவில் இருந்தது என்பவற்றுக்குச் சுவடே இல்லை. கொடை ஒன்றே அவர்தம் பெயரை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் காத்து நிற்கின்றது.

ஈண்டு ஓர் உண்மையை மறத்தலாகாது. செல்வக் குடியின் வரலாற்றை ஆராய்பவர் அக்குடியின் தலைவரை மட்டும் கண்டு திரும்பிவிடுதல் முறையன்று. குதிரில் நிறைந்த நெல்லை விளைத்தவர் யாவர்? தேக்குத் தூணைச் செதுக்கிய தச்சர் யாவர்? ஏரிக்கரைக்கு மண் சுமந்தவர் யாவர்? தருமபுரி, செங்கம் பகுதிகளில் நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையினர் அவற்றைப் படித்து நூல்களாக வெளியிட்டுள்ளனர். தருமபுரியில் உள்ள அகழ்வைப்பகத்திலும் பல நடுகற்களைக் காணலாம். ஆநிரையை மீட்கச் சென்று உயிர் நீத்த எளிய வீரரின் பெயர்கள் அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளன. செங்கம் பகுதியைச் சார்ந்த எடுத்தனூர் நடுகல், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. அதில் வீரனோடு கோவிவன் என்னும் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கள்வர் இருவரைக் கடித்து நின்றது அந்நாய் என்று அக்கல் கூறுகின்றது. அப்பகுதியில் அக்காலத்தே வாழ்ந்த செல்வர் பலரின் பெயர் மறைந்தது. நன்றியோடு நின்ற ஒரு நாயின் பெயர் மறையவில்லை. இதனை எண்ணும்போது செல்வச் செருக்கு தானே அடங்கும்.

மற்றொன்றும் உண்டு. தம் குடியின் வரலாற்றை எழுதுவோர்க்குப் பெருமைகளை மிகுத்து எழுதும் ஆசை எளிதில் தோன்றும். மூவேந்தரோடு உறவு கற்பிப்பதும், கேட்டறியாத முன்னோரைப் படைத்துக்கொள்வதும் பழைய நாளிலேயே நிகழ்ந்தவைதாம். கோயிற் கல்வெட்டுகள் இனியவற்றை மட்டும் கூறுவன அல்ல. பஞ்சத்தில் வாடிய மக்கள் தம்மையே விற்றுக்கொண்ட செய்தியும், கோயிற் பொருளைக் கவர்ந்தோர் ஒறுக்கப்பட்ட செய்தியும் சோழர் காலத்துக் கற்களில் உள்ளன. கசப்பானதைக் கண்டு அதனை மறைப்பவர் தம் குடிக்கு நன்மை செய்தவர் ஆகார். முன்னோர் செய்த பிழையை அறிந்து அதற்கு ஈடாகப் பின்னோர் ஓர் அறம் செய்தால், அக்குடி உயரும், தாழாது.

இனிக் கூற வேண்டுவது திருப்பணியைப் பற்றியது. நன்னோக்கத்தோடு செய்யும் திருப்பணியே சில வேளைகளில் வரலாற்றுக்குப் பகையாகிவிடுகின்றது என்பது வருந்தத்தக்க உண்மை. எழுத்துள்ள கல்லின்மேல் சுண்ணமும் வண்ணமும் பூசுவதும், பழைய பலகைக் கல்லைப் படியாகக் கவிழ்த்துப் போடுவதும், எழுத்தறியாத கொத்தர் கையில் உளி கொடுத்துக் கல்லைக் கொத்தி மெருகிடச் சொல்வதும் பல ஊர்களில் நிகழ்ந்துள்ளன. மணலை விசையோடு வீசிக் கற்சுவரைத் தூய்மை செய்யும் முறையால் அழிந்த எழுத்துகள் மிகப் பல. கோயில்களில் அம்முறை தடை செய்யப்பட்டதற்குக் காரணம் அதுவே. ஒரு கல்வெட்டு அழிந்தால், ஒரு குடி செய்த அறத்திற்கு இருந்த ஒரே சாட்சி அழிகின்றது. அதற்குப் படி வேறெங்கும் இல்லை. அழித்தவரும் பகைவர் அல்லர். பத்தியோடு பொருள் கொடுத்த அடியவரே என்பதுதான் துயரத்தை மிகுவிக்கின்றது.

பழைய காலத்தார் இதனை எவ்வாறு செய்தனர் என்பதற்குச் சோழ நாட்டில் இரண்டு நல்ல எடுத்துக்காட்டுகள் உள்ளன. கொள்ளிடக் கரையில் உள்ள திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாக எடுக்க முதலாம் இராசராசனின் 28-ஆம் ஆட்சியாண்டில் ஆணை பிறந்தது. கற்களைப் பிரிப்பதற்கு முன்னர், அவற்றில் இருந்த கல்வெட்டுகளையெல்லாம் புத்தகத்தில் எழுதிக்கொள்ளச் செய்தனர். கோயில் எழுந்த பின், இராசேந்திர சோழன் காலத்தில் அவை மீண்டும் சுவரில் பொறிக்கப்பட்டன. கண்டராதித்தரின் தேவியாராகிய செம்பியன் மாதேவியார் திருக்கோடிகாவில் கற்றளி எடுத்தபோதும், அங்கிருந்த பழைய கல்வெட்டுகளைப் புதிய சுவரில் படியெடுத்துப் பொறிக்கச் செய்தார். இதுவும் ஒரு பழங்கற்படி என்று அவற்றில் குறிப்பும் இடப்பட்டது. மண்ணாண்ட மன்னனும் அவன் குடிப் பெருமாட்டியும், தமக்கு முன் விளக்குக்காகச் சில ஆடுகளையும் சிறிது பொன்னையும் கொடுத்த எளியோரின் பெயர்களைக் கூடத் தம் கோயிற் சுவரில் இடம் கொடுத்துக் காத்தனர். அவர்தம் பெருமை அவர் எடுத்த விமானத்தின் உயரத்தில் மட்டும் இல்லை, இச்செயலிலும் இருக்கின்றது.

ஏரியூருக்கு அண்மையிலேயே ஒரு காட்சி உண்டு. 1934-ஆம் ஆண்டில் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டபோது, காவிரிக் கரையில் இருந்த ஊர்கள் பல நீருள் மூழ்கின. வீடுகளும் வயல்களும் தெருக்களும் மறைந்தன. மக்கள் வேறிடம் பெயர்ந்தனர். நாகமரைக்கு எதிர்க்கரையில் உள்ள பண்ணவாடியில் மூழ்கிய சலகண்டேசுவரர் கோயிலின் நந்தி, அணையின் நீர்மட்டம் குறையும் காலங்களில் மெல்லத் தலை காட்டுகின்றது. அப்போது மக்கள் பரிசிலிலும் கால்நடையாகவும் சென்று வணங்குகின்றனர். மூழ்கிய ஊரில் செல்வர் வீடு எது, வறியவர் வீடு எது என்று இன்று எவராலும் பிரித்துக் காட்ட முடியாது. ஊர் இருந்த இடத்தை அக்கோயில் இன்றும் காட்டி நிற்கின்றது. வெள்ளத்தால் மறைவதற்குப் பெருநீர் வேண்டும். வண்ணத்தால் மறைவதற்கு ஒரு தூரிகை போதும்.

ஆதலின் திருப்பணி செய்வோரும் பொருள் கொடுப்போரும் கைக்கொள்ள வேண்டிய கடமைகள் சில உள. பணி தொடங்கும் முன் கோயிலின் சுவர், தூண், படி, மதில், கிணற்றுக் கைப்பிடி ஆகிய அனைத்தையும் தேர்ந்து, எழுத்து இருக்கும் இடங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். தொல்லியல் துறையினருக்குத் தெரிவித்து மைப்படி எடுக்கச் செய்தல் வேண்டும். ஒளிப்படமும் எடுத்து வைத்தல் வேண்டும். எழுத்துள்ள கல்லை இடம் பெயர்க்க நேர்ந்தால், எழுத்து வெளியே தெரியுமாறு மீண்டும் பதிக்க வேண்டும். கோயிலின் பழைய கணக்கேடுகள், முந்திய குடமுழுக்கு அழைப்பிதழ்கள், நன்கொடைப் பட்டியல்கள், செப்பேடுகள், ஓலைச்சுவடிகள் ஆகியவற்றைப் பழங்காகிதம் என்று கழித்துவிடாமல் ஒரு பெட்டியில் காக்க வேண்டும். மணியிலும், குத்துவிளக்கிலும், திருவாசியிலும் வெட்டப்பட்டுள்ள பெயர்களையும் எழுதிக்கொள்ள வேண்டும். அவற்றை உருக்கிப் புதியன வார்ப்பதற்கு முன் இது இன்றியமையாதது. ஊரின் முதிய பெரியோரையும் மூதாட்டியரையும் அமரச் செய்து, எந்த மண்டகப்படி யாருடையது, எந்தக் கிணறு யார் வெட்டியது, எந்தக் குடி எப்போது இவ்வூரை விட்டுப் பெயர்ந்தது என்பவற்றைக் கேட்டு எழுதிக்கொள்வதும் திருப்பணியேயாகும். முதியவர் ஒருவர் மறையும்போது எழுதப்படாத ஒரு சுவடி அவரோடு மறைகின்றது.

புதிய கல்வெட்டு வைக்கும்போதும் விடுகாதழகிய பெருமாளின் நெறியை மேற்கொள்வது அழகு. இன்று கொடுத்தவர் பெயருக்கு மேலே, இதற்கு முன் இக்கோயிலைக் காத்தவர் பெயர்கள் இருக்கட்டும். ஆயிரம் கொடுத்தவர் பெயரோடு, ஒரு நாள் கூலியைக் கொடுத்தவர் பெயரும், கூலி பெறாது கல் சுமந்தவர் பெயரும் இருக்கட்டும். ஆண்டும் திங்களும் நாளும் தெளிவாக இருக்கட்டும். முன்னோர் பெயரை அழித்துத் தம் பெயரைப் பொறிப்பவர், தம் பெயரைப் பின்னோர் அழிப்பதற்கும் வழிகாட்டியவர் ஆவர். முன்னோர் பெயரைக் காத்து அதன்கீழ்த் தம் பெயரைப் பொறிப்பவரோ, காக்கும் வழக்கத்தை நிலைநாட்டியவர் ஆவர்.

நகரத்தில் வாழும் அப்பெயரனிடமே மீண்டும் வரலாம். பெரிய வீட்டின் சாவியோடு அவன் ஊருக்கு வருகின்றான். வீட்டில் அவன் தேடியது கிடைக்கவில்லை. கோயிலுக்குள் நுழைந்து, விளக்கொளியில் ஒரு தூணின் அடியில் பழைய எழுத்தைக் காண்கின்றான். அவனுடைய பாட்டனாரின் பாட்டனார், ஒரு வறட்சிக் காலத்தில், ஊராரின் குடிநீருக்காகக் கிணறு வெட்டி, அதனைக் கோயிலின் பெயரால் விட்ட செய்தி அதில் இருக்கக் கூடும். அவ்வெழுத்து அங்கே இருந்தால் அவன் தன் குடியைக் கண்டவன் ஆவான். ஒரு கொடையாவது தானும் செய்யாமல் திரும்ப மாட்டான். அவ்வெழுத்தின்மேல் எவரேனும் வண்ணம் பூசியிருந்தாலோ, வீட்டைப் பூட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்புவான். அவ்விரண்டனுள் எது நிகழும் என்பது திருப்பணி செய்வோரின் கையிலேயே இருக்கின்றது.

கொடையைக் கூறும் பழைய கல்வெட்டுகள் பலவும் ஒரு வேண்டுகோளோடு முடிகின்றன. இவ்வறத்தைக் காப்பவருடைய திருவடி தன் தலைமேலது என்று கொடுத்தவனே பணிந்து கூறுவதாக அவ்வேண்டுகோள் அமையும். ஊருக்கு நிலம் கொடுத்த தலைவனும், பேரூர்களை ஆண்ட மன்னனும், இன்னும் பிறவாத ஒருவனுடைய கால்களைத் தம் தலைமேல் ஏற்றுக் காத்திருக்கின்றனர். தம் அறம் காக்கப்பட வேண்டும் என்பதைத் தவிர அவர்கள் கேட்பது வேறொன்றும் இல்லை. இன்று கலச நீர் பொழிந்த கோபுரத்தைத் தொழுது இல்லம் திரும்பும் அன்பர் ஒவ்வொருவரும், வழியிலுள்ள பழைய கல் ஒன்றையேனும் நின்று நோக்கி, அதில் எழுத்து உண்டா என்று பார்த்துச் செல்வாராக. ஏரி நிறைக! ஊர் செழிக்க! முன்னோர் அறம் பின்னோரால் நிலைபெறுக!